பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொன்னேன்

போன வாரம், நான் இப்போது வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் டாக்டர் கண்டியிலிருந்து திரும்பியபோது ஒரு கட்டு அச்சுத்தாள்கள் கொண்டுவந்தார். எந்த உணவில் என்ன சத்து இருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த தாள்கள். பிள்ளைகளை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டச் சொன்னார். பசை தடவிச் சுவரில் வைத்து, கையால் நீவிக்கொண்டே வாசித்தேன். பருப்பு, கீரை, முட்டை, கருவாடு. அதற்கும் கீழே பன்றியிறைச்சி என்று இருந்தது. என் கை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

நன்றாக வேகவைத்தால் அது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது என்று போட்டிருந்தார்கள். வளர்கிற பிள்ளைக்குச் சதைப்பிடிப்பு உண்டாகும். கால் வீங்கி நரம்பு தளர்ந்துபோகாமல் காக்கும் சத்து மற்ற இறைச்சிகளைவிட அதில் கூடுதலாம். அதன் ஈரல் இரத்தம் ஊறுவதற்கு. மலையேறி வேலை செய்கிறவர்களுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் கொழுப்பை ஓரளவு நீக்கிக் கொடுக்கலாம். இவ்வளவுதான். ஆறேழு வரிகள்.

வரிசையில் நின்ற ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். பன்றிக்கறி சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகுமா என்று கேட்டாள். ஆகும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். நான் உள்ளே போய் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீ அன்றைக்கு ஆபீஸ் வாசலில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷமாகியிருக்கிறது.

உன்னை நீ என்றுதான் எழுதுகிறேன். தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மரியாதையாக மாற்றி எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. யட்டவத்தயிலிருந்து மேலே ஏறிவருகிற பாதையில் மழை தொடங்கியிருந்தது. மாத்தளையில் எங்கள் வீடு சைவ வீடு. அப்பாவுக்கு அரிசி வியாபாரம். கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். முட்டை அவித்த சட்டியைக்கூட எங்கள் அடுப்படிக்குள் அம்மா விடமாட்டார். அப்படி வளர்ந்தவனைத் தோட்டத்துச் சனங்கள் முதல் நாளே டாக்டரையா என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. நீ மட்டும் ஒரு தடவை, சிரிக்காமல், நீங்க டாக்டர் இல்லன்னு எனக்குத் தெரியுமுங்க, ஆனா வேற யாரு இருக்கா எங்களுக்கு என்று சொன்னாய்.

உனக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். புருஷன் பாதை வெட்டுகிற இடத்தில் கல் உருண்டு செத்துப்போயிருந்தான். ஏழு வயதில் ஒரு மகள். உன்னைப் பிள்ளைக்காம்பரா ஆயாவாகப் போட்டிருந்தார்கள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகளை உன்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், தகரக் கூரையின் கீழ் ஒரு நீளமான அறை, கூரைச் சட்டத்தில் தொங்கும் சீலைத் தொட்டில்கள், வாசலில் ஒரு அடுப்பு. தோட்டத்திலிருந்து அரிசி வரும். அதைக் கஞ்சியாக்கி ஊற்றுவாய். அவ்வளவுதான் உணவு.

அந்தப் பிள்ளைகளை நான் மாதம் ஒரு முறை வந்து பார்ப்பேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். வயிறு முன்னால் தள்ளியிருக்கும். காலை விரலால் அழுத்தினால் குழி விழும். பூச்சி மருந்து கொடுப்பேன். பூச்சி விழும். அடுத்த மாதம் போனால் பிள்ளை அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று நீதான் யோசித்தாய்.

அப்படி ஒரு மாதம் வரும்போது ஒரு புது வாசனை என்னைத் தடத்திலேயே நிறுத்தியது. மிளகும் மஞ்சளும் போட்டு ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து என்ன அது என்று கேட்டேன். நீ ஒளிக்கவில்லை. பன்றியெலும்பு என்றாய். வாஹகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்க வண்டிக்காரர் ஒருவர் சனிக்கிழமைகளில் தோட்டத்துக்கு விறகு ஏற்றி வருவார். அவர் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தது. உன் கோழிகளின் முட்டைகளைக் கொடுத்து அதை வாங்கியிருந்தாய். உன் மகள் காய்ச்சலில் கிடந்து எழுந்து, நூல் மாதிரி இருந்தபோது, அந்த வண்டிக்காரரின் பெண்சாதிதான் பன்றியீரலைச் சொல்லிக் கொடுத்தாளாம். மகள் இரண்டு மாதத்தில் தேறிவிட்டாளாம்.

அப்படியானால் முட்டையையே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டோம் என்று அப்போது நினைத்தேன்.

“ஒரு முட்டைய இருவத்திரண்டு புள்ளைக்கு எப்பிடிங்க பங்கு வைக்கிறது?” என்றாய். “ஒரு எலும்பு இருந்தா இருவத்திரண்டு கோப்பை சாறு வரும். ஆட்டுக்கறிய நாங்க திருவிழாவுக்குத்தான் கண்ணால பாக்குறோம். மாட்டுக்கறி யாரும் தொடமாட்டாங்க. இதுதான் எனக்குக் கெடைக்குது.”

தாய்மாரைக் கேட்டாயா என்றேன். ஒவ்வொருத்தியாகக் கேட்டுத்தான் ஊற்றினேன் என்றாய். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளுக்குப் பருப்புத் தண்ணீர். தோட்டத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் பெண்சாதி கடையில் நிற்கிற நாட்களில் அவர்களுடைய சின்ன மகளும் உன்னிடம் இருப்பாள். அந்தப் பிள்ளைக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, தனிக் கோப்பை. மூன்றையும் எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாய். பன்றிச் சட்டியைத் தொட்ட கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தச் சட்டியை எடுப்பாய். நானா எதையும் கேட்டதில்லை. அவருக்கு உன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அன்று சாயந்தரம் நான் தங்கியிருந்த காம்பராவுக்குப் போய்ப் பயிற்சியின்போது எழுதி வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரத்தக் குறைவுக்கு ஈரல் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எந்த மிருகத்தின் ஈரல் என்று எழுதவில்லை. மறுநாள் வந்து உன்னிடம் சொன்னேன். இறைச்சி நன்றாக வேக வேண்டும், உள்ளே சிவப்பு தெரியக் கூடாது, வேகாத பன்றியில் பூச்சி உண்டு, வெந்தால் பயமில்லை, ஈரல் கிடைத்தால் மசித்துக் கஞ்சியில் கலந்து கொடு என்று. நீ மூன்று மணி நேரம் கொதிக்கவைப்பதாகச் சொன்னாய். இதையெல்லாம் நானே என் வாயால் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு நான் வாரம் ஒரு முறை வரத் தொடங்கினேன். வாசலைத் தாண்டமாட்டேன். மூக்கில் கைக்குட்டை இருக்கும். பிள்ளைகளை நீ ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் காட்டுவாய். இமை சிவந்துகொண்டு வந்தது. காலில் குழி விழுவது குறைந்தது. அழாமல் கிடந்த பிள்ளைகள் அழத் தொடங்கின. அழுகிற சத்தம் கேட்டு உனக்கு வந்த சந்தோஷத்தை வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று செல்லாயி. கொழுந்து எடுக்கிற காளியம்மாவின் பிள்ளை. இரண்டரை வயதாகியும் நிற்கவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி, தலையை மட்டும் திருப்பி மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை நீ குச்சியால் நோண்டி எடுத்து வைப்பாய். நாலு மாதம் அப்படிச் செய்தாய். ஒரு நாள் பத்து மணிக்கு உன் மகள் டிஸ்பென்சரிக்கு மூச்சிரைக்க ஓடிவந்து, அம்மா ஒடனே வரச் சொல்லுது என்றாள். ஏதோ விபரீதம் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். செல்லாயி சுவரோரத்து வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. முழங்கால் நடுங்கியது. நீ நாலடி தள்ளிக் குந்தியிருந்து கையை நீட்டினாய். அது வாங்கை விட்டது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பிறகு உன் மடியில் விழுந்தது. நீ பிள்ளையை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். அன்றைக்கு நான் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்ததை இரண்டு பேருமே அப்புறம்தான் கவனித்தோம்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியிருக்காது.

பெரிய கங்காணியின் மருமகள் ஒரு மத்தியான நேரம் முக்காடு போட்டுக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். நானும் அப்போது வாசலில் இருந்தேன். மூன்று வயது மகனைத் தூக்கி வந்திருந்தாள். வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனால் வெளுத்துப்போய், மண்ணைத் தின்றுகொண்டு, நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும். காளியம்மா பிள்ளை நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, இவனுக்கும் கொஞ்சம் கொடு ஆயா என்று கெஞ்சினாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கொடு என்று தலையாட்டினேன். அதுவும் நடந்தது. மறக்கவில்லை.

ஆறு வாரம் அவள் வந்துபோனாள். பிள்ளைக்கு நிறம் திரும்பியது. ஒரு நாள் அது தாத்தாவின் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைத் தள்ளிவிட்டு, ஆயா சாறு வேணும் என்று அழுதிருக்கிறது. என்ன சாறு என்று விசாரித்திருக்கிறார்கள். மருமகள் தனக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளையை விளையாடத்தான் அனுப்பினேன், ஆயா ஏதோ ஊற்றியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை பெரிய கங்காணி என் காம்பராவுக்கு வந்தார். கோபமே இல்லை. வெற்றிலை போடுகிறீர்களா என்று கேட்டார். மழையைப் பற்றிப் பேசினார். எங்கள் அப்பாவைத் தேர்த் திருவிழாவில் பார்த்ததைச் சொன்னார். எழுந்திருக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

“நாளைக்குத் தொரை உங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்பாரு. நீங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்குப் பன்னிக்கறி ஊட்டச் சொன்னீங்கன்னு மாத்தளையில பேச்சு வந்தா உங்கப்பா கோயிலுக்குள்ள எப்பிடி நிப்பாரு? அதை மட்டும் நெனச்சுக்கிட்டுப் பதில் சொல்லுங்க.”

நான் அதை மட்டும்தான் நினைத்தேன். அப்பாவை நினைத்தேன், அம்மாவின் அடுப்படியை நினைத்தேன், எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தேன். செல்லாயி எடுத்துவைத்த இரண்டு அடியை நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் உன்னை நிற்கவைத்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மேசையில் இருந்தார். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பக்கம். நான் இன்னொரு பக்கம். யார் சொல்லிப் பெரிய கங்காணி பேரனுக்குக் கொடுத்தாய் என்று துரை கேட்டார். கேட்டுத்தான் கொடுத்தேங்க தொரை என்றாய். யார் கேட்டது என்றார். நீ வாயைத் திறக்கவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார். அந்த மருமகளின் பேரை நீ சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை. நானாகவே வாய் திறப்பேன் என்று காத்திருந்தாயோ என்னவோ.

பிறகு துரை என் பக்கம் திரும்பினார். அந்தத் துரையின் பங்களாவில் சமையல்காரர் கையைச் சுட்டுக்கொண்டபோது நான் மருந்து கட்டப் போயிருக்கிறேன். அடுப்பில் பன்றியிறைச்சி கீற்றுக்கீற்றாகப் பொரிந்துகொண்டிருந்தது. துரையின் நாலு வயது மகனுக்குக் காலைச் சாப்பாடு அது. கன்னம் இரண்டும் சிவந்து, படிக்கட்டில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தான். இது எனக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“டிஸ்பென்சர், நீ சொல்லு. பன்னி எறச்சி புள்ளைக்கி நல்லதா, கெட்டதா?”

“பெரியவங்களுக்குப் பரவாயில்லைங்க தொரை” என்றேன். “சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாது. வயித்துல பூச்சி வரும், காய்ச்சல் வரும்.”

முழுப் பொய் இல்லை, வேகாத இறைச்சியில் பூச்சி உண்டுதானே என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மணி நேரம் வேகிறது என்பதைத்தான் நான் சொல்லவில்லை. அதைத் தெரிந்தே விட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் அது மங்கியிருக்கும். ஏதோ நான் வழுக்கி விழுந்துவிட்டதைப் பார்க்கிறவள்போல, எழுந்துவிடுவேன் என்று காத்திருக்கிறவள்போலப் பார்த்தாய். நான் எழவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தி, பற்றுச்சீட்டைக் கொடுத்து, அந்த வாரத்துக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். சட்டிகளைப் பெரிய கங்காணியின் ஆட்கள் உடைத்தார்கள். நானாவின் பிள்ளைக்கென்று மாட்டியிருந்த தனிச் சட்டியும் சேர்ந்து உடைந்தது. நீயும் மகளும் மூட்டையோடு டிஸ்பென்சரியைத் தாண்டி இறங்கிப்போனபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உன் மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே கடை நானா வந்து, நீங்க சொன்னது சரிதானாங்க டாக்டரையா என்று கேட்டார். நான் மருந்துப் போத்தல்களைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு வியாபாரப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

பெரிய கங்காணியின் பேரனுக்கு வாரா வாரம் மாத்தளையிலிருந்து ஆட்டீரல் வந்தது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் பிழைத்துக்கொண்டான். நன்றாக வளர்ந்தான்.

பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆயா வந்தாள். நல்ல பெண்தான். பயந்தவள். அரிசிக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் ஊற்றமாட்டாள். பருப்புத் தண்ணீருக்குக்கூட என்னிடம் வந்து கேட்டாள். இரண்டு மாதத்தில் செல்லாயி வாங்கைப் பிடித்து நிற்பதை விட்டது. மூன்றாவது மாதம் பழையபடி வைத்த இடத்தில் இருந்தது. அடைமழைக்காலத்தில் வயிற்றோட்டமும் காய்ச்சலும் ஒன்றாக வந்தன. காளியம்மா நனைந்த கம்பளிக்குள் சுற்றி என்னிடம் தூக்கிவந்தாள். என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என் கையிலேயே போய்விட்டது. அந்த மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் போயின.

உன் சாறு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா? இப்போதிருக்கிற டாக்டரிடம், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல இதைக் கேட்டேன். சொல்ல முடியாது, பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். நிச்சயமாகப் பிழைத்திருப்பார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, நீ அலுவிகாரையில் இருப்பதாக நானாவின் கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு உன்னைத் தேடி வந்தேன். பாதையோரத்தில் பாதை வேலைக்குக் கல் உடைக்கிற பெண்களோடு உட்கார்ந்திருந்தாய். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. இருமிக்கொண்டே இருந்தாய். நான் வந்து நின்றதும் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து நின்றாய். பழைய மரியாதை.

நான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“தெரியுமுங்க” என்றாய். “அன்னிக்கே தெரியும்.”

மருமகளின் பேரையும் என் பேரையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அடித்துத் துரத்தியிருப்பார்கள் என்றாய். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.  பிறகு நீ கேட்டதுதான் இந்தப் பதின்மூன்று வருஷமாக எனக்குள் கிடந்து அறுக்கிறது.

“செல்லாயி நடக்குதாங்க?”

செத்துப்போனதைச் சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“நடக்குது” என்றேன். “ஓடுது.”

நீ சிரித்தாய். பல் தெரியச் சிரித்தாய். பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தவளிடம் திரும்பி, நான் சொன்னேன்ல அந்தப் புள்ள, ஓடுதாம் என்றாய். இருமல் வந்து பேச்சு நின்றது. நான் கொண்டுவந்திருந்த இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் நீ செத்துப்போன செய்தியை நானா சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இறைச்சியின் சத்தைப் பற்றி இப்போது எனக்கு எல்லாம் தெரியும். யாருக்கு எவ்வளவு, எப்படிச் சமைப்பது, எந்த வயதிலிருந்து கொடுக்கலாம், எல்லாம். வாரா வாரம் தாய்மாருக்குச் சொல்கிறேன். பன்றி உண்ணாதவர்களுக்கு அதற்குப் பதிலாக என்ன என்பதையும், அவரவர் வழக்கத்துக்கு ஏற்றபடி, நீ செய்ததுபோலவே பார்த்துச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டு போகிறார்கள். சிலர் செய்கிறார்கள், சில பிள்ளைகள் தேறுகின்றன. அதைப் பார்த்து மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். தேறிய ஒவ்வொரு பிள்ளையையும் தராசில் வைக்கும்போது, இவ்வளவு லேசான காரியத்தையா அன்றைக்குச் செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நேற்று உன் மகள் வந்தாள். அவள்தான் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதக் கைப்பிள்ளையோடு தராசுக்கு முன்னால் நின்றவள், என்னைத் தெரியுதுங்களா என்று கேட்டுத் தோட்டத்தின் பேரைச் சொன்னாள். அப்போதுதான் அந்த நெற்றியையும் கண்ணையும் கண்டுபிடித்தேன். கல்யாணமாகி உக்குவளைப் பக்கம் இருக்கிறாளாம். பிள்ளை நல்ல கனம். என்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை. நீ அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அந்த நிமிஷத்தில் புரிந்துகொண்டேன். ஆபீஸ் வாசலில் நான் என்ன சொன்னேன் என்பதை உன் சொந்த மகளுக்குக்கூட நீ சொல்லவில்லை.

பிள்ளையைத் தராசிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உன் கடைசி நாட்களைப் பற்றி அவளாகவே சொன்னாள். எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்தாயாம்.

“அம்மாவுக்குக் கடைசில வேற பேச்சே இல்லைங்க” என்றாள். “செல்லாயி ஓடுதாம், டாக்டரையா வந்து சொன்னாருன்னு அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. அந்தப் புள்ள இப்ப பெரிய பொண்ணா இருக்கும்ல?”

“இருக்கும்” என்றேன்.

அடுத்த மாதம் பிள்ளையை நிறுக்க மறுபடி வருவாள். செல்லாயிக்குக் கல்யாணம் பேசிவிட்டார்களா என்று கேட்பாள். அதற்கும் நான் ஏதாவது சொல்லுவேன்.